மியூனிக் வர்ற தம்பிக்கு: ரஸ்ட்டா கோவாங்கறத அப்புறம் பாக்கலாம்

தம்பி, கேள்வி பாத்தேன். ஜாவா புரோகிராமிங்ல ஆறு வருஷம், மியூனிக்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில ஆஃபர், கோயம்புத்தூர்லேர்ந்து கிளம்பறதுக்குள்ள ரஸ்ட், கோங்கற புது புரோகிராமிங் மொழிகள்ல எத படிக்கவா, பின்னாடி கம்பெனி மாறணும்னா லீட்கோட்ல, அதாவது இன்டர்வியூவுக்குப் புரோகிராம் புதிர் போட்டுப் பழகற சைட்ல, எத்தன போட்டிருக்கணும், ஆபீஸ்ல ஜெர்மன் வேணுமா, வெஜ் சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. வெஜ் தாராளமா கிடைக்கும், அத விடுங்க. மத்ததுக்கு வர்றேன், ஆனா நீங்க கேக்காத ஒண்ணுதான் உங்களுக்கு முக்கியம், அதத்தான் அதிகமா சொல்லப்போறேன்.

நான் 2013 ஜனவரில வந்தேன். இங்க ப்ளூ கார்டு, அதாவது படிச்ச வெளிநாட்டுக்காரங்க வேல பாக்கறதுக்கான அனுமதி, ஆரம்பிச்சது 2012 ஆகஸ்ட்ல, அதனால அப்ப ஆபீஸ்ல எச்.ஆருக்கே அது புதுசு. சிறுசேரில ஏழு வருஷம் சர்வீஸ் கம்பெனி வேல பாத்துட்டு நேரா இங்க வந்து இறங்கினேன். உங்கள மாதிரியேதான், எந்த டெக்னாலஜி படிச்சுட்டுப் போறதுன்னு மட்டும் யோசிச்சேன், எப்படி வேல பாக்கறதுன்னு யோசிக்கவே இல்ல.

ரஸ்ட்டும் வேணாம் கோவும் வேணாம். இன்சூரன்ஸ்னா ஜாவாதான், நிறைய இடத்துல 2014-ல வந்த ஜாவா 8 இன்னும் ஓடிட்டிருக்கும், அதுக்குப் பின்னாடி மெயின்ஃப்ரேம்ங்கற பெரிய பழைய கம்ப்யூட்டர்ல கோபோல்ங்கற பழைய மொழி உக்காந்திருக்கும். எந்த மொழி பெருசுன்னு சண்ட போடறவங்க எல்லாம் மத்தவன் எழுதி வச்சிட்டுப் போன கோடு மேல பத்து வருஷம் வேல பாத்துட்டு வந்து சொல்லட்டும், அப்ப கேக்கறேன். நீங்க படிக்கவேண்டிய மொழி ஜெர்மன். மீட்டிங் இங்கிலீஷ்லதான் நடக்கும், ஆனா கோடுக்குள்ளயே ஜெர்மன் இருக்கும். ஃபங்ஷன் பேரு ஆரம்பத்துல வர்ற கெட், செட் மட்டும்தான் இங்கிலீஷ், அதுக்கப்புறம் ஃபெர்ட்ராக்ஸ்நும்மர், குண்டெ, ஷாடன்னு வரும். அதாவது பாலிசி நம்பர், கஸ்டமர், சேதம். இத மொழிபெயர்க்கவும் முடியாது, ஏன்னா பிசினஸ் ஆளுங்களும் சட்டமும் அதே வார்த்தையத்தான் சொல்லுது. பி1ங்கற நடுத்தர நிலை வரைக்கும் படிச்சுடுங்க, ப்ளூ கார்டுல 21 மாசத்துல நிரந்தரமா தங்கற அனுமதிக்குப் போடலாம், ஆரம்ப நிலையான ஏ1 மட்டும்னா 27 மாசம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க ஒப்பந்தத்துல ப்ரோபெட்சைட்னு, அதாவது சோதனைக் காலம்னு, ஆறு மாசம் போட்டிருப்பாங்க. அந்த ஆறு மாசத்துல ரெண்டு வார நோட்டீஸ்ல அனுப்பிடலாம், பெருசா காரணம் சொல்லவேண்டியதில்ல. அது முடிஞ்சா பத்து பேருக்கு மேல இருக்கற கம்பெனில வேலைக்குப் பாதுகாப்பு வந்துடும். இந்த ஆறு மாசத்துல நம்மாளுங்க போறது கோடு தெரியாம இல்ல. நான் பாத்த வரைக்கும், "சரி, பண்ணிடறேன்"னு சொல்லியே போறாங்க.

எனக்கே அது நடந்துச்சு. ரெண்டாவது மாசம், டீம் லீட் வந்து ஒரு கிளெய்ம் கணக்குல மாத்தம் இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு கேட்டார். முடியும்னேன். அங்க செல்ப்ஸ்ட்பெட்டைலிகுங்னு ஒரு ஃபீல்டு. சேதம் ஆனா பாலிசிதாரர் தன் கையிலேர்ந்து போட்டுக்கவேண்டிய பங்கு அது, இழப்பீட்டுலேர்ந்து கழிக்கணும். எனக்கு அது தெரியாது, கேக்க வெக்கம். ஏழு வருஷ அனுபவம்னு சொல்லி வந்துட்டு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு, நானா ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டு பிரீமியத்தோட கூட்டி எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை முடியல. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்து விபிஎன் போட்டு முடிச்சு, திங்கக்கிழமை காலைல பெருமையா சொன்னேன்.

லீட் கணக்கப் பாத்துட்டு தப்புன்னார், அதுக்குக் கோவிச்சுக்கல. கமிட் நேரத்த, அதாவது நான் கோட சேத்த நேரத்த, பாத்துட்டுதான் முகம் மாறிச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொண்ணு. இங்க ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நீட்டினா பத்து, ரெண்டு நாள் வேலைக்கு நடுவுல 11 மணி நேரம் ஓய்வு, ஞாயிறு வேல கூடாது, இதெல்லாம் சட்டம், அவருக்குத் தெரியாம நான் வேல பாத்தா கேள்வி அவருக்குத்தான் வரும். "புதன்கிழமையே புரியலன்னு சொல்லிருந்தா அர மணி நேரத்துல முடிஞ்சிருக்கும், நீ ஏன் என்ன நம்பல?"ன்னு கேட்டார். சிறுசேரில இதே வேலைக்கு எனக்கு பாராட்டு மெயில் வந்திருக்கும். இங்க அது நம்பிக்கத் துரோகம் மாதிரி ஆயிடுச்சு.

அதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணிருந்தேன். வந்த ஆறாவது வாரம், யாரும் சொல்லாமலே, யார் எத்தன டிக்கெட், அதாவது பிரிச்சுக் கொடுத்த வேல, முடிச்சாங்க, எத்தன கமிட்னு பேர் வாரியா ஒரு டேஷ்போர்டு செஞ்சு டீமுக்கு அனுப்பினேன். எங்க பழைய ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை தோறும் அந்த மாதிரி ரேங்க் லிஸ்ட் வரும், அதுல மேல இருந்தாதான் மனுஷன். இங்க பெட்ரீப்ஸ்ராட்லேர்ந்து, அதாவது ஊழியர்கள் ஓட்டுப்போட்டு தேர்ந்தெடுக்கற குழுவுலேர்ந்து, ஒரு அம்மா என் சீட்டுக்கே வந்துட்டாங்க. ஊழியரோட செயல்பாட்டக் கண்காணிக்கிற எந்தக் கருவியும் அந்தக் குழு சம்மதிக்காம வைக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. திட்டல, பொறுமையா விளக்கினாங்க. ஆனா எனக்கு உறைச்சது சட்டம் இல்ல. என் லிஸ்ட்ல கடைசில இருந்தது யாருன்னா, எனக்கும் இன்னும் ரெண்டு புது ஆளுங்களுக்கும் உக்காந்து கோடு சொல்லிக்கொடுத்த பொண்ணு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாலதான் அவ ரெண்டே டிக்கெட் முடிச்சிருந்தா. அன்னிக்கே அத அழிச்சேன், அவகிட்ட போய் மன்னிப்பும் கேட்டேன்.

லீட்கோட் விஷயம். நான் இப்ப இன்டர்வியூ எடுக்கற பக்கம் இருக்கேன், அதனால உறுதியா சொல்றேன், எங்கள மாதிரி கம்பெனிகள்ல அது ரெண்டாம்பட்சம். மேக் கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போட உதவற ஹோம்ப்ரூவ எழுதின மாக்ஸ் ஹொவெல், பைனரி ட்ரீங்கற டேட்டா அமைப்ப திருப்பிப் போடத் தெரியலன்னு கூகுள்ல தன்ன எடுக்கலன்னு 2015-ல எழுதினார், அதுலேர்ந்து இந்தச் சண்ட ஓயல. நான் ட்ரீ எல்லாம் கேக்கறதில்ல. எங்க பழைய கோடு ஒரு இருநூறு வரி கொடுத்து, படிச்சு சொல்லுங்கம்பேன். போன வருஷம் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தர், அல்காரிதம் எது கேட்டாலும் நாலு நிமிஷத்துல எழுதறார், இந்த லிஸ்ட் காலியா வந்தா என்ன ஆகும்னா பேச்சில்ல. "இந்த இடம் எனக்குப் புரியல"ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே கைதூக்கி விட்டிருப்பேன். எனக்கு இன்னொரு ஆத்திரம், இன்டர்வியூ முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே கேள்விய வாட்ஸப் குரூப்ல போடறது. உதவின்னு நெனச்சு பண்றாங்க. மூணு தரம் கேள்விய மாத்தினோம், அப்புறம் எங்க டீம்ல சிலர் நம்ம ஊர் ரெஸ்யூமேன்னாலே சந்தேகமா பாக்க ஆரம்பிச்சாங்க, அதுக்காக நான் எத்தன மீட்டிங்ல பேசவேண்டியிருந்துச்சு தெரியுமா.

வேலைய விடும்போது ஆர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ்னு ஒரு சான்றிதழ் தருவாங்க, அத அப்படியே வாங்கி பைல்ல வச்சுடாதீங்க. எல்லாமே பாராட்டு மாதிரிதான் இருக்கும். "எப்போதும் எங்கள் மிக முழுமையான திருப்திக்கு"ன்னு இருந்தா முதல் தரம். வெறும் "எங்கள் திருப்திக்கு"ன்னா நாலாவது தரம். "முயற்சி எடுத்துக்கொண்டார்"னு இருந்தா வேல தெரியாதுன்னு அர்த்தம். தெரிஞ்ச ஒருத்தர் இப்படி ஒரு வரி இருக்கற சான்றிதழ வச்சுக்கிட்டு எட்டு மாசம் வேல தேடினார்.

கணக்கு தப்பாப் போன அந்தத் திங்கக்கிழமைக்கே திரும்பி வர்றேன், அன்னிக்கு சாயங்காலம் ரூமுக்குப் போகப் பிடிக்கல. மியூனிக்லயே பாஸிங்கற ஏரியால இறங்கி ஒரு இலங்கைத் தமிழ்க் கடைக்குள்ள போனேன். கடைக்கார அண்ணன் 1985-ல அகதியா வந்தவர், ரெஸ்டாரன்ட் கிச்சன்ல பாத்திரம் கழுவி மேல வந்தவர். ஐ.டி.ல வந்த நம்மாளுங்க சில பேர் அவங்ககிட்ட சாமானுக்கு மட்டும் பேசுவாங்க, விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. நம்மள விட கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னாடி, விசா கையில இல்லாம, இந்த ஊர்ல வாழ்ந்து காட்டினவங்க. என் முகத்தப் பாத்துட்டு என்னன்னு கேட்டார், எல்லாத்தையும் கொட்டினேன். பில் பேப்பரத் திருப்பி, "இஹ் ஹாபெ தஸ் நிஹ்ட் ஃபெர்ஷ்டாண்டன்"னு, அதாவது எனக்கு இது புரியலன்னு, தமிழ் எழுத்துல எழுதிக் கொடுத்தார். "விளங்கேல்லையெண்டா விளங்கேல்லையெண்டு சொல்லும் தம்பி. நான் வந்த புதுசில எல்லாத்துக்கும் யா யா எண்டு தலையாட்டி, ரெண்டு மாசச் சம்பளம் போச்சு" அப்படின்னார்.

மறுநாள் காலைல ஸ்டாண்டப்ல, அதாவது டீம் தினமும் கூடற சின்ன மீட்டிங்ல, அத ஜெர்மன்லயே சொன்னேன், உச்சரிப்பு சரியில்ல. லீட் நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு பேப்பர்ல கார் வரைஞ்சு, 2000 யூரோ சேதம், 300 யூரோ உன் பங்கு, நாங்க தர்றது 1700ன்னு கணக்கு போட்டுக் காமிச்சார். ஜூலைல என் ப்ரோபெட்சைட் முடிஞ்சது.

அண்ணன் இப்ப கடைக்கு வர்றதில்ல, மகன்தான் பாத்துக்கறார். வந்தவுடனே சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன். முருங்கக்கா சனிக்கிழமதான் வரும், ஞாயித்துக்கிழம கடை கிடையாது.