1,200 வெள்ளித் திரையா, சுவரில் ஒரு வெண்பலகையா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே ஆரி வேலையும் ரவிக்கைத் தையலும் செய்கிறேன். கைவேலையை எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒன்றைத் தைக்கும்போதே வேறொரு டிசைன் தோன்றிவிடும். அதை வரைய உட்கார்ந்துவிடுவேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த ஆர்டர் மறந்துபோகும். போன தீபாவளிக்கு இரண்டு பேருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. ‘கவனம் சிதறுபவர்களுக்கென்றே’ என்று முகநூலில் ஒரு டிஜிட்டல் நாட்காட்டித் திரை வருகிறது. விலை 1,200 வெள்ளி, ஆண்டுச் சந்தா தனி. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. முதலில் ஒரு மாதம் வெண்பலகையில் செய்து பாருங்கள்.

மனிதர் மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புது டிசைன் உள்ளே வந்தால் பழையது ஒன்று நழுவும். புலனத்தில் மேலே போய்விட்ட ஆர்டர்தான் முதலில் நழுவும், ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, நினைவிருக்கும். விடியுமுன் எல்லாரும் களத்தில் நிற்பார்கள். பெயர் வாசித்து யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிடுவார்கள். உங்கள் ஆர்டர்களும் தினமும் காலையில் அப்படி உங்கள் முன் வரிசையாக நிற்க வேண்டும்.

பலகையை மூன்றாகப் பிரியுங்கள்: வந்தது, கையில், முடிந்தது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் அட்டை. அதில் பெயரும் கொடுக்கும் தேதியும் எழுதி, அந்த ரவிக்கைத் துணியில் ஒரு துண்டை ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். எழுத்தைவிட நிறம்தான் உங்கள் கண்ணை இழுக்கும். ‘கையில்’ பகுதியில் மூன்று அட்டைக்கு மேல் ஏறக் கூடாது. டொயோட்டா தொழிற்சாலையில் வளர்ந்த, அட்டைகளை வைத்து வேலையை நடத்தும் கன்பன் முறையின் உயிரே இந்தக் கட்டுப்பாடுதான். புது டிசைன் தோன்றினால் இரண்டு கோடு கிறுக்கி, பக்கத்தில் ஒரு கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அந்த யோசனைகள்தான் உங்கள் பிழைப்பு. அவற்றை அடக்கச் சொல்லவில்லை, அவை காத்திருக்க ஓர் இடம் கொடுங்கள். பலகை மெஷினுக்கு நேர் எதிரே இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் மாட்டினால் வாங்கியதே வீண்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாத பலகை வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும் விசிறிக் காற்றுக்கும் ஒட்டுத்தாள் நிற்காது, காந்தம் நிற்கும். மலிவான பலகையில் மை நாளடைவில் கறையாகத் தங்கும். கண்ணாடியோ எனாமலோ என்றால் நன்றாக அழியும். தெரியாமல் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவிட்டால், அதன்மேலேயே வெண்பலகை மார்க்கரால் எழுதித் துடையுங்கள், போய்விடும்.

நேரம் போவதே தெரியவில்லை என்றால், சிவப்பு வட்டு சுருங்கிக்கொண்டே வரும் டைமர் ஒன்று வாங்கலாம். 1994இல் ஜான் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கத் தாய், ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்த தம் மகளுக்காக உருவாக்கியது அது. பெரியவர்களுக்கும் உதவும்.

இந்தச் சிதறல் சிறு வயதிலிருந்தே இருந்து, வாழ்க்கையையே அலைக்கழிக்கிறதென்றால் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகத்தில்) சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். பலகை அதற்கு மருந்தாகாது.

ஒரு மாதம் கழித்தும் திரை வேண்டும் என்று தோன்றினால் விற்பவரிடம் இரண்டைக் கேளுங்கள். சந்தா கட்டாவிட்டால் திரையில் எவையெல்லாம் நின்றுபோகும்? சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா? பதிலை எழுத்தில் வாங்கி, விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சொன்னபடி வேலை செய்யாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பணம் திரும்பி வருவது கடினம். அதனால் காசு கட்டுவதற்கு முன்பே மலேசிய முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.