ஜேபியில் (ஜொகூர் பாருவில்) கடை விற்கப் போகிறேன் என்கிறான் மகன், விடலாமா?

அக்கா, போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டீர்கள்: "இவன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிச்சதுலேர்ந்து ஜேபிக்குப் போயி கடை விக்கிற ஏஜண்டா ஆகப்போறேங்கிறான், ஒரு கடைக்குப் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கமிஷனாம், விடலாமா தம்பி?" நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது, அதனால்தான் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். ரெங்கம், லாயாங் லாயாங், குலாய் பக்கத்துப் பிள்ளைகள் பல பேர் இதே ஆசையோடு என்னிடம் வருகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

பையன் சொல்வதில் பாதி உண்மை. ஜேபி வளரத்தான் செய்கிறது. இன்று இஸ்கந்தர் மலேசியா என்கிற தென் ஜொகூர் வளர்ச்சித் திட்டத்தை 2006-இல் அறிவித்தபோது நம் ஆட்கள் பெரிதாக நம்பவில்லை. இப்போது பாருங்கள், ஜேபி புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு நாலு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் எல்லை தாண்டும் ரயில், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 10,000 பேரை ஏற்றிப் போகும் கணக்கு. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் ஆகிவிட்டது. நமக்கு இன்னும் கிட்டத்தில் சொல்வதென்றால் குலாய் யங் தோட்டம். செம்பனை நின்ற 664 ஹெக்டர், 2021-இல் ஏறக்குறைய 43 கோடி வெள்ளிக்கு ஒய்டிஎல் குழுமத்தின் கைக்குப் போனது, இன்றைக்கு அங்கே தரவு மையங்கள். கணக்குப் போட்டால் சதுர அடி ஆறு வெள்ளிதான். செடெனாக்கிலும் அதே கதை, குலை வெட்டிய மண்ணில் சர்வர் ஓடுகிறது.

ஆனால் அக்கா, மண்ணுக்கு விலை ஏறுவது ஒன்று, உங்கள் பிள்ளை கைக்கு மாதாமாதம் காசு வருவது இன்னொன்று. இரண்டையும் பையன் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான்.

வணிகச் சொத்து என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும் உள்ளே பல ரகம் இருக்கிறது. ஜொகூரில் இப்போது சூடாக இருப்பது தொழிற்சாலை நிலம், கிடங்கு, தரவு மையம். அவற்றுக்கு வேண்டியது மின்சாரமும் தண்ணீரும் பெரிய நிலமும். அந்தப் பேரங்கள் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடப்பவை, வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் உட்கார்ந்து பேசுகிற இடம், பதினெட்டு வயதுப் பையனை அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். பையன் விற்கப்போவது இரண்டு மாடி மூன்று மாடிக் கடைகளும் சர்வீஸ் அபார்ட்மெண்டும்தான். சர்வீஸ் அபார்ட்மெண்ட் பார்க்க வீடு மாதிரி இருந்தாலும் நிலப் பட்டா பெரும்பாலும் வணிகம், சுக்காய் பிந்துவும் (நகராண்மைக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி) அதற்கேற்பக் கூடும். கட்டி முடித்தும் விலை போகாமல் நிற்பதில் ஜொகூர் பல வருடம் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்திருக்கிறது. விளம்பர வீடியோவில் இதைச் சொல்வார்களா?

கடைகளின் நிலவரம் தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. போன மாதம் இதே ஆசையோடு வந்த ஒரு பையனை என் காடியில் ஏற்றிக்கொண்டு ஜேபிக்குப் போனேன். புதிதாகக் கட்டிய கடை வரிசை ஒன்றில் இறங்கி, கீழ்த்தளத்தை மட்டும் எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு கடையில் ஒன்பதுதான் திறந்திருந்தது. மூடிய கடைகளின் மின்மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான், பாதிக்கு மேல் மீட்டரே பொருத்தவில்லை, அதாவது ஒரு நாள்கூட யாரும் குடிவரவில்லை. 'செவா' (வாடகைக்கு) என்று எழுதிய பதாகை வெயிலில் வெளுத்து நம்பரே தெரியவில்லை. அங்கிருந்து பத்து நிமிடத்தில் இன்னொரு வரிசை, பழைய கட்டடம், சாயம் உரிந்திருக்கிறது, ஆனால் பார்க்கிங் கிடைக்கவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் சாப்பிடவும் பல் பார்க்கவும் முடி வெட்டவும் அங்கேதான் வருகிறார்கள். பையன் திரும்பி வரும்போது அதிகம் பேசவில்லை. (நானும் பட்டவன்தான். ஒரு மாடிக் கடையில் பங்கு போட்டேன், வாடகை நிச்சயம் என்று சொன்ன ஏஜண்ட் பிறகு போனே எடுக்கவில்லை, மூன்று வருடம் புறாவுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தேன்.)

சரி, கமிஷன் கணக்குக்கு வருவோம். விற்கும் விலையில் மூன்று விழுக்காடுதான் கட்டணத்தின் உச்சவரம்பு. பத்து லட்சம் வெள்ளிக் கடை என்றால் 30,000. வாங்குகிறவருக்கு வேறு ஏஜண்ட் இருந்தால் பாதி அவருக்கு. மீதி 15,000-இல் நிறுவனம் முப்பது விழுக்காடு எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் பையனுக்கு 10,500. ஆக பத்தாயிரம் என்று அவன் சொன்னது பொய்யில்லை, அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைத்தான் சொல்லவில்லை. வங்கி கடனை நிராகரித்தால் அத்தனை அலைச்சலும் வீண். பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் கிடையாது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது, பெட்ரோலும் டோலும் விளம்பரக் காசும் கைக்காசு, ஜேபியில் அறை வாடகை வேறு. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் ஆறு மாதத்தை எதை வைத்து ஓட்டுவது என்று யோசிக்காமல் போய், கடனோடு தோட்டத்துக்குத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பேச்சுத் திறமையுள்ள பையன், மலாயும் கொஞ்சம் சீனமும் பேசுகிறான், பசியாற உட்கார்ந்தால் நாலு பேரைச் சிநேகம் பிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். போவதானால் முறையாகப் போகட்டும். மதிப்பீட்டாளர்களையும் சொத்து ஏஜண்டுகளையும் கட்டுப்படுத்தும் 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டப்படி, பதிவு பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டு நாள் பயிற்சி முடித்து, ஆர்இஎன் (ஏஜண்ட் நிறுவனத்தின் கீழ் சொத்து விற்பவர்) அட்டை வாங்க வேண்டும். சிவப்பு அட்டை, கியூஆர் இருக்கும். அது இல்லாமல் "சும்மா ஆளைக் கூட்டிட்டு வா, காசு தர்றேன்" என்பவனிடம் அண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த வளர்ச்சியில் சம்பளம் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? கட்டடத்தை விற்பதைவிட, விற்ற பிறகு அதை ஓட்டுவதில். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, பாதுகாவலர், பராமரிப்புக் கட்டணம், அதில் பத்து விழுக்காடு போடவேண்டிய கட்டடச் சேமநிதி, இவற்றையெல்லாம் பார்க்க 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (பலர் பங்கிட்டு வைத்திருக்கும் அடுக்குமாடிக் கட்டடம்) நிர்வாகச் சட்டம் இருக்கிறது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் லிஃப்ட் ஓடித்தான் ஆகவேண்டும், காலியான கட்டடத்துக்கும் நிர்வாகி வேண்டும். சொத்து நிர்வாகம், மதிப்பீடு இரண்டையும் ஸ்கூடாய் யுடிஎம், பாரிட் ராஜா யுடிஎச்எம், மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் படிக்கலாம். மதிப்பீட்டாளராவதற்குப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடமாவது பயிற்சியும் தேர்வும் உண்டு, பொறுமை வேண்டும். ஆனால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் கையெழுத்தில்லாமல் வங்கி பெரிய கடனை அசைக்காது. இந்தத் துறையில் நம் பிள்ளைகள் குறைவு, காரணம் பெரும்பாலும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான்.

கணக்கில் பையன் எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. படிப்பு ஏறாது, கை வேலை வரும் என்றால், தரவு மையத்துக்கு வேறு கதவு இருக்கிறது. அங்கே கட்டி முடித்தபின் ஆள் குறைவு, ஆனால் இருக்கும் ஆள் தகுதியுள்ள ஆளாக இருக்கவேண்டும். எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற சார்ஜ்மேன் (மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளர்), குளிர்சாதன வேலை தெரிந்த டெக்னிஷியன் மாதிரி. ஒயரிங் எஸ்கேஎம்மில் (மலேசியத் திறன் சான்றிதழ்) தொடங்கிப் படிப்படியாகப் போகலாம், தோட்டத்து மில்லில் போர்மேனாக இருந்தவர் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை. சிங்கப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்று அண்ணன் சொல்வதும் எனக்குத் தெரியும், அதைப் பிறகு பேசுவோம், இந்தச் சான்று கையில் இருந்தால் அங்கேயும் பேரம் பேசலாம், இல்லாமல் போனால் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் பைக்கோடு பைக்காக நிற்பதுதான்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பையனை அனுப்புங்கள். எஸ்பிஎம் ரிசல்ட் ஸ்லிப்பும், படிவம் நான்கு, ஐந்து கணக்கு மதிப்பெண்ணும் கையில் இருக்கட்டும். அதற்குள் அவன் ஒரு வேலை செய்யவேண்டும்: ஜேபியில் அவன் விற்க நினைக்கிற கடை வரிசைக்குப் பேருந்தில் போய், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது, எத்தனையில் மீட்டர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கொண்டு வந்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.