அமெரிக்க, ஜப்பானிய வரலாற்றுச் சின்னங்களைக் கலந்து ஒரு கொடி வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்?

இதை ஒரு தடவை நானே உட்கார்ந்து வரைந்து பார்த்திருக்கிறேன். காகிதம், காம்பஸ், மூன்று கலர் பென்சில், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. அமெரிக்கக் கொடியின் 13 பட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, 50 நட்சத்திரங்கள் இருக்கும் நீலக் கட்டத்தில் ஜப்பானின் சிவப்பு வட்டத்தைப் போட்டேன். சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால், நீலத்துக்குள் சிவப்பு அமுங்கி வெறும் கறையாகத் தெரிந்தது. கொடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய பொருள். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே வெள்ளை வேண்டும். அமெரிக்க ஆலோசகர்களை வைத்துக்கொண்டு, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவை வளர்த்த ஜப்பானிய அரசுத் துறை, 1872இல் தன் கொடியில் நீலத்தின் மேல் சிவப்பு நட்சத்திரம் வைத்தது. 1967இல் வந்த ஹொக்கைடோ கொடியில் பார்த்தால், சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளை இருக்கிறது.

பட்டைகளைக் கதிர்களாக விரிக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 16 கதிர் உதயசூரியக் கொடி ஜப்பானியப் படைகள் ஏந்திப் போனது. கொரியாவிலும் சீனாவிலும் அதைப் பார்த்து இன்றும் மனம் வெதும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் நீலப் பின்னணியில் வெள்ளை ஐந்துமுனை நட்சத்திரம், அதன் நடுவில் சிவப்பு வட்டம் என்று வரைந்தேன். அழகாக அமைந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, 1919 முதல் அமெரிக்கப் போர் விமானங்களின் இறக்கையில் இருந்த சின்னமே இதுதான். 1941இல் ஜப்பான் அமெரிக்காவின் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோதும் இதுதான் இருந்தது. ஜப்பானிய விமானம் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக 1942 மே மாதம் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய விமானப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே கொடியாக்க மனம் வரவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.

கடைசியில் நட்சத்திரத்தின் ஐந்து முனைகளையும் மெதுவாக வளைத்து இதழ்களாக்கினேன். ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு வைத்ததும் சகுரா, அதாவது ஜப்பானியச் செர்ரிப் பூவாகிவிட்டது. இரண்டு நாடுகளுக்கும் பொதுவான கதை அந்தப் பூவுக்கு உண்டு. 1910இல் ஜப்பானிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் எரிக்க வேண்டியதாயிற்று. டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி கோபித்துக்கொள்ளவில்லை. 1912இல் மறுபடியும் 3,020 மரங்கள் போய்ச் சேர்ந்தன. 1915இல் அமெரிக்கா பதிலுக்கு டாக்வுட் என்ற தன் நாட்டுப் பூமரங்களை அனுப்பியது. போரின்போது ஜப்பானியப் படைகளும் சகுராவைச் சின்னமாக வைத்திருந்தன என்பது எனக்குத் தெரியும். ஆனால் எரித்த பிறகும் திரும்ப அனுப்பிய அந்த மரங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

அளவு சொல்கிறேன். அகலம் 2, நீளம் 3. பூவின் விட்டம் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு. 1999 சட்டப்படி ஜப்பான் கொடியின் வட்டத்துக்கும் அதே கணக்குதான். நீலத்துக்கு அவுரி நிறம் எடுங்கள். ஜப்பானில் காலங்காலமாகத் துணிக்குத் தோய்த்த சாயம் அது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து கப்பல் ஏறிய சாயமும் அதே நீலம்தான். நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் சிறிதாக்கிவிடாதீர்கள், தூரத்தில் காணாமல் போய்விடும். பூவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்தபோதுதான் அறையின் மறுகோடியிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.