கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் எடுப்பது எப்படி?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் 60 மாணவர்களுக்கு ஒரு பாடத்தை முழுக்க இணையவழியில் நடத்த வேண்டும். சென்ற முறை வாரத்துக்கு மூன்று மணி நேரம் நேரலையில் விரிவுரை நிகழ்த்தினேன். எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டதால் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்தான். கேள்வி கேட்டால் பதில் இல்லை. ஒப்படைத்த பயிற்சிகள் ஒன்றை ஒன்று அச்சடித்தாற்போல் இருந்தன. இந்த முறை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் எத்தனை மணி நேரம் பேசினீர்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் கணக்கு இருக்கிறது. அந்த வாரத்தில் மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. வகுப்பறையில் ஒரு மாணவி புருவத்தைச் சுருக்கினால் அந்த வரியை இன்னொரு முறை விளக்குவீர்கள். யாராவது பக்கத்திலிருப்பவரின் நோட்டை எட்டிப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பீர்கள். அறை உங்களுக்குச் செய்துகொண்டிருந்த இந்த வேலைகளை இணையவழியில் வேறு யாரும் செய்து தரமாட்டார்கள். அவற்றை நீங்களே திட்டத்துக்குள் எழுதிவைக்க வேண்டும்.

எனவே பழைய ஸ்லைடுகளை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஒரு தாளில், செமஸ்டர் முடியும்போது மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று எழுதுங்கள். கருதுகோள் சோதனையை, அதாவது ஓர் ஊகத்தைத் தரவு ஆதரிக்கிறதா என்று பார்க்கும் முறையை, ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. ‘ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்தால், பொருத்தமான சோதனையைத் தேர்ந்து, செய்துபார்த்து, புள்ளியியல் படிக்காத ஒருவருக்கு ஒரே பக்கத்தில் விளக்குவார்’ என்று எழுதிப் பாருங்கள். இறுதி மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். அங்கிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொரு வாரத்தையும் அமையுங்கள். இப்படிச் செய்யும்போது இரண்டு, மூன்று பழைய அத்தியாயங்களுக்கு வேலையே இல்லை என்று தெரியவரும். அவை உங்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயங்களாகவும் இருக்கக்கூடும். பாடத்திட்டம் கட்டாயப்படுத்தினால் வாசிப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

வாரத்தின் தாளம் எல்லா வாரமும் ஒன்றாகவே இருக்கட்டும். திங்களன்று பாடம் திறக்கும், புதன்கிழமைக்குள் ஐந்து கேள்விகள் கொண்ட சிறுதேர்வு, வியாழனன்று நேரலை, ஞாயிறு இரவுக்குள் பயிற்சி. புதுமை வேண்டுமென்றால் கணக்குகளில் காட்டுங்கள், கால அட்டவணையில் வேண்டாம். பயிற்சியின் அளவிலும் கவனம் தேவை. இணையவழியில் கற்பிக்கும் பலர், மாணவர்கள் கண்ணில் படாததால் ஏற்படும் பதற்றத்தில் வேலையைக் கொட்டிவிடுகிறார்கள். கொடுக்கும் பயிற்சியை முதலில் நீங்களே செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல்முறை படிப்பவருக்கு அதைப்போல் மூன்று மடங்காவது ஆகும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

விளக்கங்களைப் பதிவுசெய்து முன்கூட்டியே கொடுத்துவிடலாம். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களே பார்ப்பவரை நன்றாகப் பிடித்துவைக்கின்றன என்று சொன்னது. அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் நடுவில் எழுந்து போகலாம், உங்கள் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர்கள். ஆகவே ஆறு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேர விரிவுரையைப் பத்துத் துண்டாக நறுக்குவதும் பயன் தராது. ஒரு வீடியோ ஒரு கேள்விக்கு விடை சொன்னால் அதன் நீளம் தானாகக் குறையும். அதே ஆய்வு, பெரும் செலவில் ஸ்டுடியோவில் எடுத்த பதிவுகளைவிட மேசையில் அமர்ந்து நேராகப் பேசியவையும், ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக் காட்டியவையும் மாணவர்களை அதிகம் ஈர்க்கலாம் என்றும் கண்டது. எனவே டேப்லெட்டில் எழுதியபடி கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் நா குழறினால் திருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள், மறுபதிவு வேண்டாம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கேமராவை வாங்குவதற்கு முன் மைக்கை வாங்குங்கள். முகம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் பொறுக்கமாட்டார்கள்.

இனி நேரலை. மூன்று மணி நேரம் வேண்டாம், 50 நிமிடம் போதும். அதில் விரிவுரையே கூடாது. ‘புரிகிறதா?’ என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். அதற்கு வகுப்பறையிலேயே உண்மையான பதில் வராது. மாறாக, திரையில் ஒரு தரவைக் காட்டி எந்தச் சோதனை பொருந்தும் என்று கேளுங்கள். எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்யட்டும், ஆனால் நீங்கள் மூன்று எண்ணும்வரை அனுப்பக் கூடாது. 60 விடைகளும் ஒரே நேரத்தில் வந்து விழும். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது, தவறாகச் சொன்னவர் தனியாக நிற்கவும் மாட்டார். விடைகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்று பார்த்தாலே அடுத்த பத்து நிமிடத்தை எதில் செலவிட வேண்டும் என்று தெரியும்.

பிறகு நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து அனுப்புங்கள். வெறுமனே ‘விவாதியுங்கள்’ என்று அனுப்பினால் நான்கு கறுப்புக் கட்டங்கள் வேறோர் அறையில் மௌனமாக இருக்கும். யார் எழுத வேண்டும் என்று முன்பே பெயர் சொல்லிவிடுங்கள். எட்டு நிமிடம், எல்லாக் குழுவும் எழுதும் ஒரே பகிர்வு ஆவணம், அதில் குழுவுக்கு ஒரு பக்கம். பக்கங்கள் நிரம்புவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதோ அந்தக் குழுவுக்குள் நுழையுங்கள். நீங்கள் இழந்த முகபாவம் இப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

கேமராவைப் போடும்படி கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார். மிக அருகில் இடைவிடாத கண்பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமை, சைகைகளைப் படிக்கவும் காட்டவும் ஆகும் கூடுதல் உழைப்பு. இவற்றோடு ஒற்றை அறை வீடு, தீர்ந்துபோன டேட்டா எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

காப்பியடிப்புக்குக் கண்காணிப்பு மென்பொருளைத் தேட வேண்டாம். 60 பேருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும். ஒவ்வொருவரும் தனக்கான தரவைத் தானே சேகரிக்கட்டும். வாரம் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் அழைத்து, ‘இந்தச் சோதனையை ஏன் தேர்ந்தீர்கள்?’ என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்ததை ஒப்படைத்தவர் இரண்டாவது கேள்வியில் தடுமாறுவார். வாராந்தரச் சிறுதேர்வுகளுக்கு மதிப்பெண் குறைவாகவே இருக்கட்டும். அவை அளப்பதற்கு அல்ல, நினைவில் நிறுத்துவதற்கு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

60 தாளிலும் நீண்ட குறிப்பு எழுதி உடலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவான மூன்று தவறுகளை எடுத்து எல்லோருக்கும் ஒரே விளக்கமாக அனுப்புங்கள். மிச்சமாகும் நேரத்தில், முதல் இரண்டு வாரம் உள்ளேயே நுழையாதவர்களுக்குப் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். இணையவழிப் பாடத்தில் மாணவர் விலகும்போது சத்தம் வருவதில்லை.

தொடக்க நாளுக்குள் முதல் நான்கு வாரங்களை முழுதாக முடித்திருங்கள், மற்றவை எலும்புக்கூடாக இருக்கட்டும். நான்காம் வாரத்தில் ‘எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது’ என்று பெயர் கேட்காமல் விசாரித்துவிட்டு மிச்சத்துக்குச் சதை வையுங்கள். பாடத்தைத் திறப்பதற்கு முந்தின நாள், மூடுல் போன்ற பாடம் நடத்தும் தளமாக இருந்தால் மாணவர் பார்வைக்கு மாற்றி, விலை குறைந்த ஒரு கைபேசியில் முதல் வாரத்தை நீங்களே படித்து, சிறுதேர்வை எழுதி, பயிற்சியைப் பதிவேற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ அதை அன்றிரவே சரிசெய்துவிடுங்கள்.