பிங் போகிறது, பில்லிங் திரை நிற்கிறது: எம்டியு-வைப் பாருங்கள்

சேலம் கடைக்கும் ஈரோடு குடோனுக்கும் ஐபிசெக் விபிஎன் (இணையம் வழியே இரண்டு இடங்களை இணைக்கும் பூட்டிய பாதை) போட்டிருக்கிறீர்கள். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் ஒழுங்காகப் போகிறது, ஆனால் பில்லிங் திரை பாதியில் தொங்குகிறது. சர்வரை மாற்ற வேண்டாம், அதன் மேல் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவுதான் எம்டியு; சாதாரணமாக அது 1500 பைட். பிராட்பேண்டில் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் 1492தான் கிடைக்கும். அதற்குள் ஐபிசெக் உறையும் அடங்க வேண்டும். குட்டி பிங் நுழைந்துவிடும், பெரிய பாக்கெட் சிக்கிக்கொள்ளும். “பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு” என்று வழியிலுள்ள ரவுட்டர் ஐசிஎம்பியில் (பிழைத் தகவல்களைச் சொல்லும் பிணைய முறை) சொல்லும். பாதுகாப்பு என்று நினைத்து ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. (நானும் ஒருமுறை அடைத்துவிட்டு இரண்டு நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.)

பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு, விபிஎன் வழியே மறுமுனைக்கு 1472 பைட்டில் பிங் தொடங்கி, போகும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். உதாரணமாக 1372 போனால், பாக்கெட்டின் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 சேர்த்து எம்டியு 1400. அதில் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்து, இரண்டு ரவுட்டரிலும் டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்டில் தரவுக்கு மட்டும் உள்ள உச்ச அளவு) 1360 என்று வையுங்கள்.

அப்புறம், நண்பர் சொன்னார் என்று தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதைத் தேடியே ஓயாமல் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே திறந்திருந்தால் முதலில் அதை மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள்.