தவணை முடியும் முன் அடுத்த தவணை: வீடியோ எடிட்டிங்குக்குப் புது லேப்டாப் வாங்கலாமா?

வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு 34 வயது. மாதச் சம்பளக்காரன். வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது பற்றி யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்திருக்கிறேன். போன் தவணை இன்னும் 7 மாதம் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் கேமரா வாங்கினேன். அதற்கு இன்னும் 14 தவணை பாக்கி. இதுவரை மூன்று வீடியோ போட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது 5 வருடப் பழைய ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 4கே வீடியோவைப் போட்டால் திணறுகிறது. ரேம் கூட்டச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்கிறார்கள். பழைய கருவிக்கு ஏன் செலவு என்று விட்டுவிட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மைத்துனன் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் ஒன்றைச் சொல்கிறான். அவனும் அதைப் பயன்படுத்திக்கொள்வானாம். விலை என் இரண்டரை மாதச் சம்பளம். 24 மாதத் தவணை, 12 சதவீத ஃப்ளாட் வட்டி. எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ஆண்டுச் சந்தாவும் சேர்த்துத் தருகிறார்கள். சிறு முன்பணம் கட்டிவிட்டேன், கடன் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மாதத்தில் சேனல் வருமானமே தவணையைக் கட்டிவிடும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். கையெழுத்துப் போடாமல் எனக்கு எழுதினீர்களே, அது மிக நல்ல காரியம்.

எந்த லேப்டாப், எந்த சாஃப்ட்வேர் என்பதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பழைய லேப்டாப் இல்லை. ஒரு பொருளைப் பார்த்ததும் "மாதம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்கிற பழக்கம்தான். போனை அப்படி வாங்கினீர்கள். அது முடியும் முன் கேமரா. கேமராவில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கும்போதே லேப்டாப். ஒவ்வொரு தவணையும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் தந்த தொகைகளைப் பங்குகளாக மாற்றியிருக்கிறேன். உங்கள் மாதச் சம்பளம் 100 என்று வையுங்கள். வாடகை, சாப்பாடு, படிப்பு என்று தவிர்க்க முடியாத செலவு 68. போன் தவணை 6, கேமரா தவணை 9. மீதி 17. புது லேப்டாப்பின் விலை 250. ஃப்ளாட் வட்டி என்றால் முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் வட்டி: 250-க்கு ஆண்டுக்கு 30, இரண்டு ஆண்டுக்கு 60. மொத்தம் 310, மாதம் ஏறக்குறைய 13. சாஃப்ட்வேர் சந்தா மாதம் 2. மீதி 17 என்பது 2 ஆகிவிடும். ஒரு காய்ச்சல், ஒரு பயணம் வந்தால் கிரெடிட் கார்டுதான்.

அந்த 12 சதவீதத்தையும் நம்பாதீர்கள். 23-வது மாதத்தில் உங்கள் கடன் பாக்கி 25 அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அப்போதும் 250-க்கான வட்டியைத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடுகிற, வங்கிகள் சொல்லும் குறையும் நிலுவை முறையில் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு 21.5 சதவீதத்துக்குச் சமம். செயலாக்கக் கட்டணம் என்று ஒன்றைப் பிடித்தால் இன்னும் ஏறும். "வட்டியில்லாத் தவணை" என்று வேறொருவர் வந்தாலும், மொத்தப் பணமும் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அங்கே கிடைக்கும் தள்ளுபடியைத்தான் இங்கே வட்டியாக விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சரி, சேனல் வருமானம் கட்டிவிடுமா? யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தர, 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸ் வழியாகப் போனால் 90 நாளில் 1 கோடி பார்வை; அதை இப்போதைக்கு விடுங்கள்.) 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 60,000 பார்வைகள் வேண்டும். நான்கு மாதத்தில் மூன்று என்பது உங்கள் இப்போதைய வேகம். அதாவது ஆண்டுக்கு 9 வீடியோ. ஒவ்வொன்றும் 6,700 பேரைத் தொட வேண்டும். வாரம் ஒன்று போட்டால் 52 வீடியோ, ஒவ்வொன்றுக்கும் 1,150 பார்வை போதும். பழுதுபார்க்கும் விஷயத்துக்கு அது நடக்கக்கூடியதுதான், ஏனென்றால் மக்கள் தேடிவந்து பார்க்கிற விஷயம் அது. ஆனால் இதெல்லாம் தகுதி பெறுவதற்கான கணக்கு மட்டுமே. பணம் அதற்குப் பிறகுதான் சொட்டத் தொடங்கும். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். வராத வருமானத்தை வந்ததாக வைத்துக் கடன் வாங்குவதுதான் நான் அதிகம் பயப்படுகிற விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமரா வந்த பிறகும் மாதத்துக்கு ஒரு வீடியோகூட வரவில்லை. கருவி போதாமல் வேலை நின்றிருந்தால், கேமரா வந்ததும் வேகம் கூடியிருக்க வேண்டும். எடிட்டிங்கில் திணறல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைப் போக்க 310 தேவையில்லை.

லேப்டாப் ஏன் திணறுகிறது என்று பார்ப்போம். 1080பி படத்தில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு வேலை. அதோடு போனும் கேமராவும் வீடியோவை இறுக்கிச் சேமிக்கின்றன: ஒரு பிரேமை (வீடியோவின் ஒரு தனிப் படத்தை) முழுதாக வைத்து, அடுத்தடுத்த பிரேம்களில் மாறியதை மட்டும் எழுதுகின்றன. பார்ப்பதற்கு இது வசதி. எடிட்டிங்கில் நீங்கள் நடுவில் ஒரு இடத்தைத் தொட்டால், அந்த ஒரு பிரேமைக் காட்டவே கம்ப்யூட்டர் அக்கம்பக்கத்துப் பிரேம்கள் பலவற்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. வீடியோவை இன்னும் இறுக்கிச் சேமிக்கும் ஹெச்இவிசி முறையில் அந்தச் சுமை இன்னும் அதிகம். 8 ஜிபி ரேமில் இதோடு பிரவுசரும் திறந்திருந்தால் திணறாமல் என்ன செய்யும்?

இதற்கு மூன்று வழி இருக்கிறது, இரண்டுக்குக் காசே வேண்டாம். ஒன்று, 1080பி-யில் எடுங்கள். பெரும்பாலானோர் போனில்தான் பார்க்கப்போகிறார்கள்; மிக்ஸியின் கார்பன் பிரஷ்ஷைக் காட்ட 4கே அவசியமில்லை, நல்ல வெளிச்சமும் நெருக்கமான ஷாட்டும்தான் அவசியம். இடமும் மிச்சம்: ஆப்பிள் தன் ஐபோனுக்குத் தரும் கணக்கில் ஹெச்இவிசி முறையில், நொடிக்கு 30 பிரேம் வேகத்தில், ஒரு நிமிடத்துக்கு 1080பி சுமார் 60 எம்பி, 4கே சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரப் பதிவு 3.6 ஜிபியா, 10 ஜிபியா என்பது 256 ஜிபி எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம்.

இரண்டு, ப்ராக்ஸி. ஏற்கெனவே எடுத்த 4கே காட்சிகள் இருந்தால், சாஃப்ட்வேரே அவற்றுக்குச் சிறிய நகல்களை உருவாக்கும். நகலை வைத்து வெட்டுவீர்கள். கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் வீடியோவே பயன்படும். தரம் குறையாது. இது பலருக்குத் தெரியாததால்தான் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் தேவையில்லாமல் விற்பனையாகின்றன என்று எனக்கு வருத்தம் உண்டு.

மூன்றாவது, நீங்கள் வேண்டாமென்று விட்ட ரேம். சம்பளம் 100-இல் 10 செலவழித்தால் 16 ஜிபி கிடைக்கும் என்றால் அதுதான் உங்களுக்கு இப்போது சரியான செலவு. ரேம் மாற்றும் வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில லேப்டாப்களில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். ஐந்து வருடத்து ஐ5 என்றால் அதன் உள் கிராஃபிக்ஸிலேயே வீடியோவை அவிழ்க்கும் தனிப் பகுதி இருக்கும். விண்டோஸ் 11-உம் பொதுவாக ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததைக் காட்டி "இது இனி ஆகாது" என்று யாராவது சொன்னால், பதறாமல் உங்கள் மாடலைச் சரிபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாஃப்ட்வேருக்கு இப்போது ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், வாட்டர்மார்க் கிடையாது, ப்ராக்ஸி வசதி உண்டு. உங்கள் லேப்டாப்புக்கு நான் ஷாட்கட்டைச் சொல்வேன். போனில் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம் சீராக இல்லாமல் போய், பேச்சும் வாயசைவும் விலகுவது உண்டு. ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இன்னும் வலுவானது. 4கே அளவு, நொடிக்கு 60 பிரேம் வரை வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவும் ஒருமுறை பணம் கட்டி வாங்குவதுதான். ஆனால் ரிசால்வ் 16 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸும் எதிர்பார்க்கும். புதுக் கருவி வந்த பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம். நண்பர் தருகிற கிராக் பதிப்பு, அதாவது பூட்டை உடைத்த திருட்டு நகல், பக்கம் மட்டும் போகாதீர்கள்; அதில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். வங்கிக் கணக்கைத் திறக்கிற அதே லேப்டாப் அது.

உங்களுக்குச் சேர்த்துத் தரும் சந்தா எனக்குப் பிடிக்கவில்லை. மாதாமாதம் பணம் எடுப்பார்கள், ஆனால் அது ஓராண்டு ஒப்பந்தம். பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரை விற்கும் அடோபியின் இத்தகைய திட்டத்தில் முதல் 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்டார்கள். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் மறைத்ததாக அமெரிக்க அரசு 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மீது வழக்கே போட்டது. உங்கள் கணக்கில் மூன்று மாதத்தில் நிறுத்த நினைத்தால் மீதி 9 மாதத்துக்கு 18, அதில் பாதி 9: ஒரு கேமரா தவணை. பிரீமியர் நல்ல சாஃப்ட்வேர்தான். வாடிக்கையாளர் பணம் கொடுத்து அந்த வடிவத்தில்தான் ஃபைல் வேண்டும் என்று கேட்கும் நாளில் எடுங்கள்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் நெருடுகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு கலர் சரிசெய்ய, இரைச்சல் நீக்க, கனமான எஃபெக்ட்ஸ் போட, 3டி வேலைக்கு உதவும். வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டு, குரல் சேர்ப்பதற்கு அது இல்லாமலே முடியும். அப்படியானால் அந்த விலையில் ஒரு பெரிய பகுதி யாருக்காக? அவர் படிப்புக்கு உதவ விரும்பினால், உங்களால் முடிந்த தொகையைச் சொல்லி நேராக உதவுங்கள். "எனக்கும் ஆகும், அவனுக்கும் ஆகும்" என்று உங்கள் பெயரில் கடன் வாங்கினால், பரீட்சை வாரத்தில் லேப்டாப் அவரிடம், தவணைத் தேதியில் கடன் உங்களிடம். வீட்டில் மனைவியிடம் முதலில் கணக்கைக் காட்டுங்கள். தம்பிக்கு அக்காவே சொல்வது நல்லது.

இப்போது மாதம் 17 மிச்சம் இருக்கிறதல்லவா? அதில் 12 அவசரச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போகட்டும். 17 மாதத்தில் மூன்று மாதச் செலவு சேர்ந்துவிடும். மீதி 5 லேப்டாப்புக்கு. முதல் 7 மாதத்தில் 35. ரேமுக்கு 10 போக 25. போன் தவணை முடிந்ததும் அந்த 6-ஐயும் சேர்த்து மாதம் 11: அடுத்த 7 மாதத்தில் 77, ஆக 102. கேமராவும் முடிந்த பிறகு மாதம் 20. 22-வது மாதத்தில் கையில் 262 இருக்கும். கடனில் போனால் 24-வது மாதம் வரை 310 கட்டியிருப்பீர்கள்.

அன்று வாங்கும்போது 16 ஜிபி ரேம், முடிந்தால் 32. குறைந்தது 512 ஜிபி எஸ்எஸ்டி. வீட்டிலேயே உட்கார்ந்து எடிட் செய்வதானால் டெஸ்க்டாப்பைப் பாருங்கள், அதே வேகம் குறைந்த விலைக்கு வரும், பிறகு பாகம் கூட்டவும் முடியும். மேக் வாங்கினால் ரேமை முதல் நாளே யோசித்து எடுக்க வேண்டும், அப்புறம் கூட்ட முடியாது. "ஏஐ பிசி" என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சாதாரண வெட்டும் வேலைக்கு வேகம் தருவது ரேமும் வீடியோவை அவிழ்க்கும் பகுதியும்தான்.

கேமராவையும் ஒருமுறை யோசியுங்கள். கடனை இன்றே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்றால் கிடைப்பது அதற்கு அருகில் வந்தால் விற்று முடித்துவிடலாம், போனே போதும். வெகு தூரத்தில் இருந்தால் வைத்துக்கொண்டு வாரம் ஒரு வீடியோ எடுங்கள்.

முன்பணமாக 5 கட்டியிருக்கிறீர்கள். திரும்பத் தருவார்களா என்று இன்றே கேளுங்கள். ரேமாகவோ ஒரு காலர் மைக்காகவோ தருகிறோம் என்றாலும் சரி, வாங்கிக்கொள்ளுங்கள். எதுவுமே தரமாட்டோம் என்றால் அந்த 5-ஐ விட்டுவிட்டு வாருங்கள். 5 போய்விடுமே என்று கையெழுத்துப் போட்டால் வட்டியாகவே 60 போகும்.