கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் டெவலப்பர், ஃபிக்ஸரை மறுபடி பயன்படுத்துவது கஞ்சத்தனமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். (டெவலப்பர் பிலிமில் படத்தை வரவழைக்கும் கரைசல், ஃபிக்ஸர் அதை நிலைநிறுத்தும் கரைசல்.) ஒரு ரோல் கழுவியதுமே எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்கிறார்கள், எடுத்து வைத்து மறுபடி ஊற்றினால் கஞ்சத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் அப்பா காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். முகூர்த்த மாதங்களில் டெவலப்பரைக் கணக்கு எழுதி வைத்து ஓட்டுவார். அவர் கழுவிய நெகட்டிவ்கள் இன்றைக்கும் கறை பிடிக்காமல் என் பீரோவில் இருக்கின்றன.

நீங்கள் குளியலறையில் கழுவுகிறவர், பவுடர் பாக்கெட்டைத் தபாலில் வரவழைக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். டி-76 அல்லது ஐடி-11 என்ற பவுடர் டெவலப்பர் என்றால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பவுடரைக் கரைத்தபின் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காத ஸ்டாக்கை மட்டும்தான் மறுபடி பயன்படுத்தலாம். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்து 1+1 கலந்தது ஒரே தடவைக்குத்தான். ரோடினால் என்ற திரவ டெவலப்பரும் அப்படியே. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவார்கள்.

போன கோடையில் தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அந்த வீட்டு ஆச்சி போன் பண்ணி, "தம்பி, தூணெல்லாம் இறக்குறதுக்குள்ள ஒரு தடவ முழுசா எடுத்துக் குடுத்துருப்பா" என்றார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் தரை என்று எச்பி5 பிலிம் ரோல்கள் ஏழெட்டு ஓடிவிட்டன. கையில் இருந்தது ஒரு லிட்டர் ஐடி-11 மட்டும். அடுத்த பாக்கெட் வருவதற்குள் ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்துவிடுவார்கள். சரியாக வராத படத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் வீடு நிற்கும்போதே தெரிந்தாக வேண்டும்.

உதவிக்கு வந்த சென்னைப் பையன், "அண்ணே, எல்லாத்தையும் இதே தண்ணியில போட்டா கடைசி ரோல் போயிரும்" என்று பயந்தான். போகாது. ஸ்டாக் ஒரு லிட்டரில் பத்து ரோல் வரை கழுவலாம் என்று தயாரித்த இல்ஃபோர்டே சொல்கிறது. ஒவ்வொரு ரோலுக்கும் முதல் நேரத்தில் பத்து சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எச்பி5-க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அடுத்த ரோலுக்கு 45 விநாடி கூடுதல், அதற்கடுத்ததற்கு இன்னொரு 45. ஒவ்வொரு முறை கழுவும்போதும் டெவலப்பரில் வேலை செய்யும் ரசாயனங்களான மெட்டோலும் ஹைட்ரோகுவினோனும் கொஞ்சம் செலவாகின்றன. பிலிமிலிருந்து இறங்கும் புரோமைடும் சேர்ந்து வேகத்தை மட்டுப்படுத்துகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல் நேரம். டேங்கிலிருந்து ஊற்றியதை அதே பாட்டிலில் சேர்த்துக் கலக்கி, மூடியில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போட வேண்டும். கோடு போடாதவர்கள் தயவுசெய்து ஒரே தடவையோடு கொட்டிவிடுங்கள்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சவால் வெயில். மே மாதம் மேல்தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. மண்பானைத் தண்ணீரில் ஐஸ் போட்டு, அதில் பாட்டில்களை நிறுத்தி 20-க்கு இறக்கினோம். சூட்டுக்குத் தக்கபடி நேரத்தைக் குறைக்கலாமே என்பீர்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் சீராக வராது. கடைசி ரோலையும் முதல் ரோலையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோது எது எது என்று அந்தப் பையனால் சொல்ல முடியவில்லை. தாழ்வாரத்து நிழலில் இருந்த மரவேலை வரைக்கும் படத்தில் விழுந்திருந்தது.

ஒரு தடவைக் கலவைதான் ஒவ்வொரு ரோலுக்கும் துல்லியமாக ஒரே மாதிரி வரும், அதை நான் மறுக்கவில்லை. மாதம் ஒரு ரோல் மட்டும் கழுவுகிறவருக்கு அதுவே நல்லது. திறந்த ஸ்டாக்கைக் காற்று கெடுத்துவிடும். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்து வரை நிரப்புங்கள். சந்தேகம் வந்தால் பிலிமின் நுனித்துண்டை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். நன்றாகக் கறுக்கவில்லை என்றால் அந்த டெவலப்பரை நம்பாதீர்கள்.

ஃபிக்ஸரைக் கொட்டுவதுதான் உண்மையான வீணடிப்பு. ரேப்பிட் ஃபிக்ஸர் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் (1+4) கலந்தது, ஒரு லிட்டரில் 24 ரோல் வரை தாங்கும். புதிதாகக் கலந்ததும் ஒரு நுனித்துண்டைப் போட்டு, அதன் பால் நிறம் போய்த் தெளிய எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் இரண்டு மடங்கானால் ஃபிக்ஸர் முடிந்தது. அதற்கு மேலும் இழுத்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, வருடங்கள் கழித்து நெகட்டிவ் பழுப்பேறும்.

முடிந்த ஃபிக்ஸரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி இருக்கிறது. துருப்பிடிக்கிற இரும்பு நாரைப் போட்டு வைத்தால் வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். மின்வேதியியலுக்கென்றே 1953-லிருந்து ஒரு மத்திய ஆய்வகம் இயங்குகிற ஊர்க்காரர்கள் நாங்கள். மழைத்தண்ணீரை ஊருணியில் சேர்த்துக் குடித்த ஊரும் கூட. இந்த விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைப் பிரித்தபோது சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களையும் பழைய பொருள் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது தேக்குச் சட்டம். உள்ளே இருந்த படங்களைப் பின்பக்க ஆணியைக் கழற்றி முற்றத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். ரங்கூனில் எடுத்ததாக ஆச்சி காட்டிய படமும் அந்தக் குவியலில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் யாரும் குனிந்து எடுக்கவில்லை. சட்டத்துக்கு விலை பேசியவர்கள் படத்துக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்தப் பையனும் பொறுக்கி எடுத்து ஆச்சியிடம் கொடுத்தோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

எந்த பிலிம், எந்த டெவலப்பர், எத்தனை மில்லி டேங்க் என்று கீழே எழுதுங்கள். நேரத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.